மலையகத் தோட்டங்கள், கட்டிடங்கள், பழைய வரைபடங்கள்: வீட்டிலிருந்தே எங்கே தேடலாம்?

கொட்டகலைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். மொறட்டுவையில் கட்டிடக்கலை கடைசி வருடம் படிக்கிறேன். ஊர் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். ஆய்வுக்கு ஒரே ஒரு தோட்டத்தை முழுதாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), துரை (தோட்ட நிர்வாகி) பங்களா, லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்க்கும் இடம்), பிரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்), கோயில், பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), இவற்றைச் சேர்க்கும் குறுக்குப் பாதைகள் எல்லாம் அதில் வரும். தோட்டம் என்பது யாரோ ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்ட குடியிருப்புத்தானே. துரை பங்களா எந்த மேட்டில், லயம் எந்தப் பள்ளத்தில் என்பதெல்லாம் தற்செயலாக அமையவில்லை. அதை வரைந்து காட்ட ஆசை.

இணையத்தில் தேடினால் ஹோட்டலாக மாறிய பங்களாக்கள் கொட்டிக் கிடக்கின்றன. லயம் என்று தேடினால் வறுமை பற்றிய அறிக்கையும், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் படமும் வரும். அளவெடுத்து வரைந்த ஒரு தரைப்படம் கண்ணில் படவில்லை. கம்பஸ் களஞ்சியத்தில் உள்ள ஆய்வேடுகள் கைக்கெட்டும், அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு வெளியே என்ன இருக்கிறது? கிழமை நாட்களில் வகுப்பு இருப்பதால் கொழும்பு ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார நேரம் கிடைப்பதில்லை.

மகாவலிக்கரை

நல்ல தலைப்பு மகள். நான் கண்டிக்காரன், எனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தளத்தைச் சுற்றுலாப் பக்கம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கண்டிப் புனித நகரம் 1988-இல் பட்டியலில் சேர்ந்தது, அதன் எண் 450. அந்தப் பக்கத்தில் 'ஆவணங்கள்' என்று ஒரு பகுதி இருக்கிறது. நிபுணர் மதிப்பீட்டு அறிக்கை, பின்னால் வந்த பாதுகாப்பு நிலை அறிக்கைகள் எல்லாம் அங்கே பிடிஎஃப் கோப்புகளாக உண்டு. 1998-இல் தலதா மாளிகை குண்டுவெடிப்பில் சேதமான பிறகு நடந்தவற்றைப் படிக்க வேண்டுமென்றால் பத்திரிகைச் செய்தியை விட இவை உதவும்.

அப்புறம் ஆங்கில விக்கிப்பீடியாவில் மாவட்டவாரியாகத் தொல்பொருள் பாதுகாப்பு நினைவுச் சின்னங்களின் பட்டியல் இருக்கிறது. கண்டி, நுவரெலியா, பதுளை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார். கண்டிப் பட்டியலை உருட்டிக்கொண்டே போகலாம், விகாரையும் தேவாலயமும் (இங்கே சிங்களவரின் தெய்வக் கோயில்) வந்துகொண்டே இருக்கும். நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் அதில் உண்டு. கடலாதெனிய விகாரை 1344-இல் கட்டியது. தென்னிந்தியக் கற்கோயில் பாணி. அதைக் கட்டிய ஸ்தபதியின் பெயர் கணேசுவராச்சாரி என்று கல்வெட்டு சொல்கிறது. கண்டி நகருக்குள் இருக்கும் நாத தேவாலயமும் அதே மரபு. மலைநாட்டில் தமிழ் ஸ்தபதிகளின் கை, கோப்பித் தோட்டங்கள் வருவதற்குக் கிட்டத்தட்ட 500 வருடம் முன்பே பட்டிருக்கிறது.

பிளாட்போம் 2

அண்ணே, அந்தப் பிள்ளை கேட்டது தோட்டம். நீங்கள் மாளிகையைச் சுற்றி வருகிறீர்கள்.

மகாவலிக்கரை

சுற்றித்தான் வர வேண்டும் தம்பி. இன்னொரு கண்டிக்காரியையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். மினெட் டி சில்வா, 1918-இல் கண்டியில் பிறந்தவர். 1948-இல் பிரிட்டிஷ் கட்டிடக்கலைஞர் நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண். 1950களின் பிற்பாதியில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்கு 250 வீடுகள் அளவில் ஒரு குடியிருப்பு அமைத்தார். அதற்கு முன்னால் குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்விப் படிவம் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், சாமி அறை வேண்டுமா, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டு, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் வெவ்வேறு விதமாக வாழ்வதைக் கணக்கில் எடுத்துத்தான் வீட்டு மாதிரிகளை வரைந்தார். லயத்துக்குப் பதில் வீடு கட்டும் எந்தத் திட்டமாவது நம்மிடம் இப்படி ஒரு தாளை நீட்டியிருக்கிறதா? மகளின் ஆய்வுக்கு ஒப்பிட இதை விடச் சரியான ஒன்று கிடைக்காது. பிரிட்டிஷ் நிறுவனத்தின் படத்தொகுப்பு இணையத்தில் இருக்கிறது, அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பார். கண்டியில் அவர் வேலை செய்த வீடு சிதைந்து போய்விட்டது, அதனால் படங்களை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பழைய பைல்

நூலகத்தில் வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இன்டர்நெட் ஆர்கைவ். அங்கே இரண்டு வகைப் புத்தகத்தைப் பிடியுங்கள். ஒன்று ஃபெர்குசன் டைரக்டரி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்துகொண்டிருந்த கைநூல் அது. மாவட்டவாரியாகத் தோட்டப் பெயர், ஏக்கர், உரிமையாளர், துரை யார் என்று அட்டவணை போட்டிருக்கும். உங்கள் தோட்டத்தை வெவ்வேறு வருடத் தொகுதிகளில் தேடினால் கோப்பி எப்போது போனது, தேயிலை எத்தனை ஏக்கரில் வந்தது, எந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்பது வரிசையாகத் தெரியும். தோட்டம் வளர்ந்தால் லயம் கூடியிருக்கும், ஸ்டோர் பெரிதாகியிருக்கும். கட்டிடத்தின் வயதைக் கணிக்க இதுதான் முதல் படி.

இரண்டாவது, 1907-இல் லண்டனில் வெளியான இலங்கை பற்றிய ஒரு பெரிய படப் புத்தகம். தலைப்பில் 'இருபதாம் நூற்றாண்டு' என்று வரும். தோட்டத் துரைமாரையும் கம்பனிகளையும் தலையில் தூக்கி வைத்து எழுதியது, அதைப் படிக்க வேண்டாம். படங்களுக்காகத் திறவுங்கள். ஸ்டோர், பங்களா, மலைச்சரிவு என்று பக்கம் பக்கமாக உண்டு.

பங்களாவைத்தான் படம் எடுத்திருக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னது சரி. ஆனால் படக்காரன் ஸ்டோரைப் பிடிக்க எதிர்ச்சரிவில் ஏறி நின்றிருப்பான். அப்போது சட்டகத்தின் ஓரத்தில், கீழ்மூலையில் வேண்டாத பொருளாக லயம் வந்து மாட்டியிருக்கும். இணையத்தில் பார்க்கும் சிறிய பிரதியில் அது ஒரு சாம்பல் கோடு. மூலக் கோப்பை இறக்கிப் பெரிதாக்கினால் கூரை தகரமா புல்லா, ஒற்றை லயமா முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமா, எத்தனை கதவு, முன்னால் வாசல் எவ்வளவு அகலம் என்று எண்ணலாம். பிடிஎஃப் இறக்காதீர்கள், அதில் படம் நசுங்கியிருக்கும். 'எல்லாக் கோப்புகளும்' என்ற இடத்தில் போய் ஜேபி2 கோப்புகளை எடுங்கள். பெரிதாக இருக்கும், வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள்.

ஹாத்தி டிரஸ்ட் என்று ஒரு களஞ்சியமும் உண்டு. அங்கே சில தொகுதிகள் இலங்கையிலிருந்து திறக்காது, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும். அங்கே உறவுக்காரர் இருந்தால் ஒரு வேலை கொடுக்கலாம்.

படத்துக்கு இன்னும் மூன்று இடம். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் காலனி அலுவலகப் படங்களை ஃபிளிக்கரில் ஏற்றியிருக்கிறது, ஆசியத் தொகுப்பில் இலங்கை உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ராயல் காமன்வெல்த் சங்கத்தின் தொகுப்பு இருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸில் ஸ்கோவன், ஸ்கீன், பிளாத்தே என்ற ஸ்டூடியோப் பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பாதீர்கள். நுவரெலியாவை அந்தக் காலத்தில் 'நியூவெரா எல்லியா' என்று எழுதினார்கள். டிக்கோயா, புசல்லாவை, ரம்பொடை எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. ஊர்ப் பெயர் அகப்படாவிட்டால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள். அதிலும் அகப்படாவிட்டால் துரையின் பெயர், அது டைரக்டரியில் இருக்கும்.

கொட்டகலைக்காரி

படத்தின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னதற்கு நூறு நன்றி சேர். இவ்வளவு நாளும் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேப் பைத்தியம்

என் முறை.

அக்கா, தோட்ட அமைப்பு என்றால் முதலில் வரைபடம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) வரைபடங்களில் தோட்டப் பெயர், ஸ்டோர், வண்டிப் பாதை, நடைபாதை எல்லாம் குறித்திருக்கும். ஸ்கேன் செய்த பிரதி கிடைத்தால், இல்லாவிட்டால் டேவிட் ரம்சி தொகுப்பில் இருக்கும் பழைய இலங்கை வரைபடங்கள் கிடைத்தாலும், கியூ-ஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டு இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தலாம். பொருத்துவதற்கு மாறாத புள்ளிகள் வேண்டும். லயத்தை எடுக்காதீர்கள், இடித்து நகர்த்தியிருப்பார்கள். ரயில் பாலம், ஆறு சேரும் இடம், கிறிஸ்தவ தேவாலயக் கோபுரம் இவை நிற்கும். டிக்கோயாவில் 1878-இல் கட்டிய வார்லி தேவாலயம் இன்னும் அதே மேட்டில்தான் இருக்கிறது. ரயில் பாதையும் நல்ல துணை: நாவலப்பிட்டிக்கு மேலே ஹட்டன், அங்கிருந்து 1885-இல் நானுஓயா, கடைசியாக 1924-இல் பதுளை. பழைய வரைபடத்தில் வருடம் போடாவிட்டால்கூட ரயில் எதுவரை வரைந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்லிவிடலாம்.

பழகிப் பார்க்க ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. இரண்டரை அடித் தண்டவாளம். 1904-இல் ராகலை வரை போனது, 1940களில் முடிந்தது. செயற்கைக்கோள் படத்தில் அதைத் தேடிப் பிடியுங்கள். றோட்டு கொண்டை ஊசி வளைவு போடும் இடத்தில் இது போடாது. சரிவை ஒட்டி ஒரே ஏற்றத்தில் நீளமாக வளைந்து போகும். தேயிலை வரிசைக்கு நடுவே அகலமான ஒரு தட்டு மாதிரித் தெரியும். சில இடத்தில் அதன் மேலேயே இப்போது பாதை. யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தில் கைவிடப்பட்ட ரயில் பாதை என்று ஒரு குறி உண்டு, நீங்கள் கண்டுபிடித்த துண்டை அதில் போட்டுவிடலாம். ஒரு பின்னேரம் இதைச் செய்தால் சரிவைப் படிக்கக் கண் பழகிவிடும், அதன் பிறகு உங்கள் தோட்டத்தில் பழைய கோப்பிக் காலத்துப் பாதையும் தெரியத் தொடங்கும்.

மஸ்கெலியா இன்னொரு பைத்தியம் எனக்கு. பழைய டவுன் 1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. தண்ணீர் வற்றும் வருடத்தில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே வரும், சனம் போய்ப் பார்க்கும். கூகுள் ஏர்த்தை கணினியில் திறந்தால் மேலே கடிகாரப் படம் ஒன்று இருக்கும், அதை அழுத்தி வருடங்களைப் பின்னால் தள்ளுங்கள். வறட்சி மாதப் படம் அகப்பட்டால் பழைய தெருவின் போக்கே தெரியும். போனில் தேடிக் கஷ்டப்படாதீர்கள், கணினிப் பதிப்பில் செய்யுங்கள்.

பிளாட்போம் 2

மஸ்கெலியா பழைய டவுனில் எங்கள் தாத்தாவுக்குக் கடை இருந்தது என்று அப்பா சொல்வார். இன்றைக்கு இரவு நித்திரை போச்சு.

கடைசிக் காம்பரா

எல்லாம் சரி. ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. லயத்தை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?

நான் பிறந்தது இரட்டை லயத்தில், கடைசிக் காம்பரா (அறை). பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஏழு பேர். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், அதனால் ஜன்னல் கிடையாது. அடுப்புப் புகை தகரத்தில் முட்டித் திரும்பி வரும். மழைக்காலத்தில் மேலே ஒழுகும், கீழே ஓதம். இதைப் படம் எடுத்து, 'காலனிக் காலப் பாரம்பரியம்' என்று பலகை மாட்டி, வெள்ளைக்காரனுக்கு டிக்கட் விற்கப் போகிறீர்களா? கட்டிடக்கலை படித்தவர்கள் ஒரு நல்ல வீட்டுத் தரைப்படம் போட்டுக் கொடுங்கள். லயத்தை டோசர் விட்டு இடியுங்கள். எனக்கு அழுகை வராது.

பழைய பைல்

இடிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இடிப்பதற்கு முன் அளந்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பங்களாவுக்குத் தரைப்படம் இருக்கிறது, ஸ்டோருக்குக் கம்பனிக் கோப்பில் இயந்திர வரைபடம் வரை இருக்கிறது. லயத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் போனால், 50 வருடம் கழித்து ஒருவன் 'அவ்வளவு மோசமாக ஒன்றும் இருந்திருக்காது' என்று எழுதுவான். பத்துக்குப் பன்னிரண்டு என்று நீங்கள் வாயால் சொன்னதை அவன் மிகைப்படுத்தல் என்பான்.

கொட்டகலைக்காரி

அண்ணா, கோபமே இல்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். அதை அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, ஆய்வில் எழுதப் போவதும் இல்லை.

ஆனால் புது வீட்டுத் திட்டங்களைப் போய்ப் பார்த்தேன். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி, தனித்தனி வீடு. லயத்தோடு ஒப்பிட்டால் சொர்க்கம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சில இடத்தில் வீடு இருப்பது ஒரு சரிவு, பிள்ளைக்காம்பரா இருப்பது இன்னொரு சரிவு. காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சாவு வீடு என்றால் பந்தல் போட இடம் இல்லை, லயத்து வாசல் என்ற நீளமான பொது இடம் அங்கே கிடையாது. காமன் கூத்து ஆடுகிற இடத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சுவரை இடிக்கட்டும். வாசல் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று வரைந்து வைத்தால் அடுத்த திட்டத்தில் அதைக் கேட்கலாமே.

கடைசிக் காம்பரா

வாசலைப் பற்றிச் சொன்னது நியாயம். எங்கள் அக்கா கலியாணம் வாசலில்தான் நடந்தது. யோசிக்கிறேன்.

சட்டக் கொழுந்து

பாதுகாப்பு என்ற பேச்சு வந்ததால் சட்டம் என்ன சொல்கிறது என்று போடுகிறேன்.

அடிப்படைச் சட்டம் 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதில் பழைய நினைவுச் சின்னம் என்பதற்கு ஒரு திகதிக் கோடு போட்டிருக்கிறார்கள்: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்றால் சட்டத்தின் குடைக்குள் வரும். பிந்தியது என்றால் தனியாக வர்த்தமானி அறிவித்தல் போட்டு எடுக்க வேண்டும். நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்தது 1820களிலிருந்து. 2023-இல் 200 வருடம் என்று அதே பாதையில் நடந்தார்களே, அந்தக் கணக்கு. ஆக மலையகத் தமிழர் கட்டிய, வாழ்ந்த எந்தக் கட்டிடமும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். வர்த்தமானியில் பெயர் வராவிட்டால் ஸ்டோரோ கோயிலோ பழைய கட்டிடம் மட்டும்தான், இடித்தால் இந்தச் சட்டப்படி யாரும் கேட்க முடியாது. மகாவலிக்கரை அண்ணன் மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாரே, அவற்றில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வர்த்தமானிகள் அரச அச்சகத் திணைக்களத்தின் ஆவணத் தளத்தில் மூன்று மொழியிலும் இருக்கின்றன. தமிழ்ப் பிரதியில் சொல் தேடல் பல நேரம் வேலை செய்யாது, ஆங்கிலப் பிரதியில் கிராம சேவகர் பிரிவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு நுவரெலியாத் தபால் நிலையம். செங்கல் கட்டிடம், 1894, எல்லாச் சுற்றுலாப் படத்திலும் இருக்கும் அதே கட்டிடம்தான். 2023-இல் அதை ஹோட்டல் முதலீட்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றவுடன் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதைக் காக்க முன்னால் நின்றது அதற்குள் உட்கார்ந்து கடிதம் பிரிப்பவர்கள். அந்த நவம்பர் மாதப் பத்திரிகைகளை இணையத்தில் எடுத்துப் படியுங்கள், பாதுகாப்பு என்றால் நடைமுறையில் என்ன என்று புரியும்.

பிளாட்போம் 2

ஸ்டோரைக் காப்பாற்ற ஹோட்டல் ஆக்குவதுதான் ஒரே வழி என்று ஆகிவிட்டது. கந்தப்பளையில் ஹெத்தர்செட் ஸ்டோர் ஹோட்டலாக நிற்கிறது. ஹந்தானையில் 1925-இல் கட்டிய ஸ்டோர் மியூசியமாக நிற்கிறது. மிச்சம் எல்லாம் தகரமாகக் கழன்று பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

மேப் பைத்தியம்

ஹெத்தர்செட்டில் மேல் மாடி முழுக்க ஜன்னல் வரிசை இருப்பதைக் கவனித்தீர்களா? அழகுக்கு வைத்ததில்லை. கொழுந்தை வாட்டுவதற்கு மேல் மாடிகளில் சாக்குத் தட்டுகளை அடுக்கி, மெல்லியதாகப் பரப்பி வைப்பார்கள், காற்று ஓட வேண்டும். பிறகு விசிறி வைத்த தொட்டிகள் வந்தன, மாடிகள் காலியாகின. ஸ்டோர் ஏன் ஆற்றுக்குப் பக்கத்தில், பள்ளத்தில் இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஆதியில் தண்ணீர் ரோதையால்தான் (தண்ணீரால் சுழலும் சக்கரம்) இயந்திரம் ஓடியது. ரோதைமுனிக்குப் பூசை போடும் ஸ்டோர்களில் அந்தச் சாமி இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் அக்கா, பழைய ரோதை எங்கே இருந்தது என்பதற்கு அது ஒரு தடயமாக இருக்கலாம். இதை எந்த வரைபடமும் காட்டாது.

கொட்டகலைக்காரி

ஐயோ, எங்கள் ஸ்டோரில் ரோதைமுனி இருக்கிறார்! இயந்திரத்துக்குப் பக்கத்தில் இல்லை, வெளிச்சுவர் ஓரம். ஏன் அங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நோர்வூட் நாகம்மா

நான் ஒரு பிரதேச சபையில் வேலை பார்த்தவள். நகரத் திட்டமிடல் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் நான்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் தளத்தில் நகரங்களுக்கான அபிவிருத்தித் திட்டங்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. நிலப் பயன்பாட்டு வரைபடம், கட்டிட உயரக் கட்டுப்பாடு, பாதுகாக்க வேண்டிய கட்டிடங்கள் எல்லாம் வரும். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் அவற்றைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் நகர எல்லையோடு திட்டம் முடிந்துவிடும். எல்லைக்கு வெளியே தோட்டம் ஒரே பச்சைத் திட்டாக இருக்கும், உள்ளே ஆயிரம் குடும்பம் இருந்தாலும்.

இதற்குச் சட்டக் காரணமும் இருந்தது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி தோட்டத்துக்குள் சபைப் பணத்தில் றோட்டோ தண்ணீரோ போட முடியாத நிலை. எங்கள் வாக்கில் தெரிவான உறுப்பினருக்கே எங்கள் லயத்துப் பாதையில் ஒரு வண்டி கல் கொட்ட அதிகாரமில்லை. 2018-இல்தான் திருத்தினார்கள். அந்தத் திருத்தச் சட்டத்தையும் பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டையும் இணையத்தில் எடுக்கலாம். பிள்ளை, உன் ஆய்வில் தோட்டத்துப் பாதை ஏன் இப்படி இருக்கிறது என்று எழுதும்போது துரையோடு நிறுத்தாதே, இந்த 31 வருடத்தையும் எழுது.

இன்னொன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள். 1:10,000 அளவு. மலைநாட்டு மாவட்டங்களுக்குத் தளத்தில் பார்க்கலாம். உன் தோட்டத்துத் தாளை எடுத்து அதன் மேல் லயங்களைப் புள்ளி வை. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் இறங்கியது லயங்களின் மேல். வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளும் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இல்லை. பாதுகாப்பா இடிப்பா என்று மேலே சண்டை போடுகிறீர்கள். சிவப்பு வலயத்தில் இருக்கும் லயத்துக்கு அந்தச் சண்டையே கிடையாது. முதலில் ஆட்களை எடுக்க வேண்டும், அளவெடுப்பதென்றாலும் வெயில் காலத்தில் எடு.

கடைசிக் காம்பரா

அக்கா சொன்னதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் பிறகு.

கோடைக்காற்று

பண்டாரவளையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா என்றால் எல்லோரும் கொழும்பும் கடற்கரையும்தான் நினைக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் இங்கே நல்லாயன் கன்னியர் மடத்துக்கு ஒரு சிற்றாலயம் வடிவமைத்தார். பாவா அறக்கட்டளையின் இணையத்தளத்தில் ஆவணத் தொகுப்பு இருக்கிறது, ஆர்க்நெட் என்ற கட்டிடக்கலை ஆவணத் தளத்திலும் அவரைப் பற்றி நிறைய உண்டு. தங்கச்சிக்கு நேரடியாக உதவாது. ஆனால் இந்த மலைக் குளிருக்கும் சரிவுக்கும் ஒரு கட்டிடக்கலைஞர் எப்படிப் பதில் சொன்னார் என்று பார்க்கலாம். பேராதனைப் பல்கலைக்கழக வளாகமும் அப்படித்தான்: ஆங்கிலேய நகரத் திட்டமிடலாளர் அபர்குரோம்பி திட்டத்தைப் போட, ஷேர்லி டி அல்விஸ் கட்டிடங்களை வரைந்தார்.

பழைய பைல்

தமிழில் கிடைப்பதை யாருமே சொல்லவில்லை, வெட்கம்.

நூலகம் திட்டம், 2005-இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இலவசமாகப் போடுகிறது. மலையகம் என்று தேடுங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், தொழிற்சங்க இதழ் என்று வரும். ஆய்வாளர்கள் இவற்றைப் புரட்டுவதே இல்லை, எனக்கோ இவைதான் முதல் தரம். கும்பாபிஷேக மலரில் கோயில் எப்போது தகரக் கொட்டகையாக இருந்தது, எந்த வருடம் கல் சுவர் வைத்தார்கள், எந்தக் கங்காணி எவ்வளவு கொடுத்தார், ஸ்தபதி எந்த ஊர் என்று எல்லாம் இருக்கும். வாழ்த்துச் செய்திப் பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். அதே நிறுவனத்தின் ஆவணகம் என்ற தளத்தில் படமும் ஒலிப்பதிவும் இருக்கின்றன.

கம்பளைக்கு மேலே பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007-இலிருந்து இருக்கிறது. பழைய லயக் காம்பராக்களிலேயே அமைத்திருக்கிறார்கள். இது இணையம் இல்லை, பஸ் ஏறிப் போக வேண்டும். ஒரு லயத்தை இடிக்காமல் வேறு என்ன செய்யலாம் என்பதற்கு டிக்கட் விற்கும் ஹோட்டலைத் தவிர இன்னொரு பதில் அங்கே நிற்கிறது.

கடைசிக் காம்பரா

அதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், போனதில்லை. போய்ப் பார்க்கிறேன்.

தங்கச்சி, ஒரு விஷயம். எங்கள் லயத்தில் நாலு காம்பரா இன்னும் ஆளில்லாமல் நிற்கிறது. என் தம்பி மேசன். டேப் பிடித்து அளந்து தருவான். என்னென்ன அளக்க வேண்டும் என்று சொல்லு.

கொட்டகலைக்காரி

அண்ணா, இதை எதிர்பார்க்கவே இல்லை! உள்சுவருக்கு உள்சுவர் நீளம், அகலம் இரண்டும் வேண்டும். அதோடு இரண்டு மூலைவிட்டங்களையும் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள், அறை சதுரமாக இல்லாவிட்டால் அதில் தெரிந்துவிடும். சுவர்க் கனம் கதவு நிலையில் பார்க்கலாம். கூரை முகட்டு உயரம், இறவாரம் இருக்கும் உயரம். இஸ்தோப்பு எவ்வளவு அகலம், பிறகு யாராவது அதைச் சுவர் வைத்து அறையாக்கியிருந்தால் அந்தச் சுவர் செங்கல்லா பிளொக்கா. அடுப்பு எந்த மூலை. காம்பராவுக்குள் பலகை அடித்து மேல் பரண் போட்டிருந்தால் அதன் உயரமும். பின் சேர்த்த குசினி, குளிக்கும் இடம், தண்ணீர்க் குழாய் எங்கே வருகிறது. ஒவ்வொரு சுவருக்கும் நேராக நின்று ஒரு படம், ஓரத்தில் டேப் தெரியும்படி.

குடியிருக்கும் காம்பராக்களுக்குள் போக வேண்டாம். வீட்டுக்காரர் கூப்பிட்டால் போகலாம், அப்போதும் ஆட்கள் முகம் வராமல் எடுங்கள்.

நோர்வூட் நாகம்மா

தோட்டக் கந்தோரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆளில்லாத காம்பராவை யாரோ அளக்கிறார்கள் என்றால் காணி பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று வாட்சர் ஓடி வருவார். கம்பஸ் கடிதத் தலைப்பில் ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள் பிள்ளை.

மேப் பைத்தியம்

அளந்ததை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நான் வரைந்து தருகிறேன். லயம் ஒவ்வொன்றையும் தனிக் கட்டிடமாகப் போட்டு, தமிழ்ப் பெயர் போடும் இடத்தில் ஆட்கள் கூப்பிடும் பெயரையே போடலாம்: மேட்டு லயம், ஸ்டோர் லயம், பணிய லயம். அளவெடுத்த தரைப்படத்தையும் சுவர்ப் படங்களையும் காமன்ஸில் ஏற்றினால் வேறு ஆட்களும் பயன்படுத்தலாம், ஆனால் படம் எடுப்பவரின் சம்மதத்தோடுதான் உரிமம் போட வேண்டும். தம்பி பெயர் போடவா, இல்லை புனைபெயரா என்று கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே.

கடைசிக் காம்பரா

அவன் பெயரையே போடச் சொல்கிறான். அடுத்த போயா லீவுக்கு அளக்கிறோம். மழை பெய்தால் அதற்கடுத்த ஞாயிறு.